சிவப்பு நூல், கறுப்பு நூல்

நான் போகாத கல்யாணங்கள் ஒரு நூறாவது இருக்கும். ஆனால் அங்கே என்ன சமைத்தார்கள், குழந்தை எங்கே வாந்தி எடுத்தது, பந்தல்காலோரம் உட்கார்ந்த பெரிய மனுஷர் எத்தனை தரம் வெற்றிலை துப்பினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எல்லாம் வயரில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதைத் துடைப்பதுதான் எனக்கு வேலை.

ஐம்பதுகளில் ஓசூரில் மைக் செட் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுவார், கடையில் தமிழ் பேசுவார், பாகலூர்ப் பக்கத்து ஆட்கள் வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவார். மூன்று பாஷையிலும் என்னை ஒரே மாதிரிதான் கூப்பிட்டார், கையைச் சொடுக்கி. நான் முதலில் அந்தக் கடையின் பின்கட்டில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவள். கட்டிக்கொண்டவன் காப்பித் தோட்ட வேலை என்று குடகுக்குப் போனான், போனவன் போனவன்தான். அப்பா பக்கத்து ஊர்ப் பண்ணையில் ஏர் ஓட்டினார். அம்மா செத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கச்சிக்கு நாலு. அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தது நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் வரும் விஷயத்துக்காகச் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் வயர் துடைத்த ஆள் அழுக்கு சீக்கிரம் போகட்டும் என்று மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுவிட்டான். ரப்பர் உப்பிப் பிசுபிசுத்து ஒரு சுருள் முழுதும் பாழ். அவனைத் துரத்திவிட்டு முதலாளி பின்வாசலில் நின்று என்னைக் கைசொடுக்கிக் கூப்பிட்டார்.

"ஏ புள்ளே, சேலை தொவைக்கிற மாதிரி முக்கிப்புடாதே. உள்ள ஒரு சொட்டு தண்ணி போச்சு, மைக்கைத் தொடறவன் செத்தான். புரியுதா?"

புரிந்தது. ஒரு மாதத்தில் அவருக்கே புரியாததெல்லாம் எனக்குப் புரிந்தது.

அப்போதைய வயர் இப்போது மாதிரி வழவழப்பான பிளாஸ்டிக் இல்லை. உள்ளே செம்புக் கம்பி, அதன்மேல் ரப்பர், அதற்கும் மேல் பருத்தி நூலில் பின்னிய உறை. அப்படி இரண்டை ஒன்றோடு ஒன்று முறுக்கியிருப்பார்கள். அந்த நூல் உறை தொட்டதை எல்லாம் குடித்துவிடும். பந்தலில் நெய் சிந்தினால் நெய், மாட்டுக்கொட்டகை வழியாக இழுத்திருந்தால் மூத்திரம். ஒப்பட்டு, அதுதான் போளி, போட்ட கல்யாணமென்றால் வெல்லப்பாகில் எறும்பு மொய்த்தபடி வந்து சேரும். முதலில் காய்ந்த துணியை உள்ளங்கையில் வைத்து, வயரை அதன் வழியாக முழம் முழமாக இழுத்துப் புழுதியை எடுப்பேன். நெய்க்குத் தவிடு. தவிட்டை வைத்துத் தேய்த்து ஒரு நாழி விட்டால் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். வெற்றிலைச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்ட வேண்டும். அப்புறம் சீயக்காயைக் கரைத்து, துணியை அதில் நனைத்து, சொட்டில்லாமல் பிழிந்து, ஒரு முழம் துடைத்தால் உடனே அந்த முழத்தை வேறு துணியால் ஈரம் போக ஒற்றுவேன். நூறு முழச் சுருள் என்றால் நூறு தரம் அப்படி. பிறகு இரண்டு புங்கமரத்துக்கு நடுவில் நிழலில் கட்டிக் காயவிடுவேன். வெயில் பட்டால் ரப்பர் வெடிக்கும். கடைசியில் சாம்பிராணிப் புகை.

அதுபோக பேட்டரி வயர்கள். கிராமங்களில் ஏது கரண்ட்? மோட்டார் பேட்டரியை வண்டியில் ஏற்றிப்போய்த்தான் மைக் போடுவார்கள். திரும்பி வந்ததும் கடையில் சார்ஜ் ஏற்றுவார்கள். அந்த வயர்களின் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும், மூக்கில் ஏறும் புளித்த நெடி வரும். சுடுதண்ணீரில் சோடா உப்பைக் கரைத்து ஊற்றினால் புஸ்ஸென்று நுரைத்து அடங்கும். துடைத்து கிரீஸ் தடவி வைப்பேன். அந்த ஆசிட் தெறித்து என் சேலை எல்லாம் பொத்தல். தங்கச்சி சிரிப்பாள், "அக்கா, உன் சேலையில ராகி மாவே சலிக்கலாம்" என்று. இன்றைக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போன் சார்ஜர் வயர் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது.

இத்தனையும் செய்து சுருளைக் கட்டி பின்வாசல் கல்லின்மேல் வைத்துவிட்டு, நான் நாலடி தள்ளிப் போய் நிற்க வேண்டும். முதலாளி மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு வருவார். மாவிலையால் சுருள்மேல் மூன்று தரம் தெளிப்பார். அப்புறம்தான் கையில் எடுத்து உள்ளே கொண்டுபோவார். நான் சேரிக்காரி, என் கை பட்ட தீட்டு அப்படித் தெளித்தால்தான் போகுமாம். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்று எனக்குப் பாடம் சொன்ன அதே வாய். அவருக்கு மஞ்சள் தண்ணீர், தண்ணீரில் சேர்த்தியில்லை. ஒரு தரம் ஈரத்தோடு மாட்டி ஹாரன் குழாய் கொரகொரவென்று கத்தித் தொலைத்தது. திட்டு எனக்குத்தான்.  வாயைத் திறந்திருந்தால் மறுநாள் சாணிக்குத் திரும்பியிருப்பேன்.

கடையில் முக்கியமான சுருள்கள் இரண்டு. இரண்டையும் ஒரே நாளில் பெங்களூரில் வாங்கி வந்தார். ஒரே அரக்கு நிறம், ஒரே நீளம். ஒன்றைச் சிவப்பு நூலால் கட்டியிருப்பார், அது கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, கோயிலுக்கு. இன்னொன்றுக்குக் கறுப்பு நூல். பேரன் பேத்தி எடுத்த பெரிய சாவு, கருமாதி, அங்கெல்லாம் அது போகும். கறுப்பு தவறிக்கூட கல்யாணப் பந்தலுக்குப் போகக் கூடாது, சிவப்பு சாவு வாசலை மிதிக்கக் கூடாது. ஊருக்கே இது தெரியும். சுருளை அவிழ்த்து இழுத்ததும் அந்த நூலைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். கம்பத்தில் தொங்குகிற நூலின் நிறத்தைப் பார்த்தே வழியில் போகிறவன் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவான். துடைக்கும்போது நூலை அவிழ்த்து, முடிந்ததும் திரும்பக் கட்டுவது நான். இரண்டுக்கும் ஒரே தவிடு, ஒரே சீயக்காய். நூலை அவிழ்த்துவிட்டால் எது எதுவென்று எனக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணச் சுருளில் எலி கடித்த இடத்தை நான் கறுப்புத் துணி நாடாவால் சுற்றியிருந்தேன், அது ஒன்றுதான் அடையாளம்.

தங்கச்சிக்குப் பதினெட்டு வயதில் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சாமல்பட்டியில் ரயில் பாதை வேலையில் இருந்தான். நல்ல பையன். பெண் பார்க்க வந்த அவன் சித்தப்பாதான் சொன்னார்.

"நகை நட்டு ஒண்ணும் வேணாம். மைக் செட்டு மட்டும் கட்டிடுங்க. எங்க ஜனம் பஸ்ஸை விட்டு எறங்கினா, பாட்டுச் சத்தத்தை வெச்சே வூட்டைக் கண்டுபுடிச்சு வரணும். உங்க பொண்ணுதான் மைக் கடையில வேலை செய்யுதே."

அப்பா என்னைக் கேட்காமலே தலையாட்டிவிட்டார்.

எங்கள் தெருவில் அதுவரை ஒருவர் வீட்டிலும் மைக் செட் கட்டியதில்லை. ஊருக்குள் பந்தல் போட்டால் காற்று எங்கள் பக்கம் அடிக்கும்போது பாட்டு கேட்கும், திரும்பினால் நின்றுவிடும். தங்கச்சிக்கு எல்லாப் பாட்டும் பாதிப் பாதியாகத்தான் தெரியும். "அக்கா, எங்கல்யாணத்துல ஒரு பாட்டாவது முழுசா கேக்கணும்" என்றாள். அவள் என்னிடம் அதற்குமுன் எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராயிருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பேன். நான் கேட்டதும் கணக்கு நோட்டைப் புரட்டித் தேதியைப் பார்த்தார்.

"உன் தங்கச்சிக்குத்தானே, குடுக்கறேன். பழைய செட்டை எடுத்துக்கோ. ஆபரேட்டரையும் அனுப்பறேன். கறுப்பு நூல் சுருள் வரும்."

"சாமி, அது சாவுக்குப் போற வயருங்க."

"அன்னிக்கே உங்கப்பன் ஏர் ஓட்டற பண்ணை வூட்டுல கல்யாணம். சிவப்பு அங்க போவணும்."

"ரெண்டு நாள் தள்ளி வெச்சுக்கறோம் சாமி. சிவப்பையே குடுங்க."

அவர் சிரித்தார். குழந்தை ஏதோ கேட்டுவிட்டாற்போல.

"உங்க தெருவுக்கு வந்துட்டு போன வயரை அப்புறம் எவன் தன் பந்தல்ல ஏத்துவான்? வாசம் போவாது புள்ளே. கறுப்புன்னா உனுக்கென்ன? நீதானே கழுவுறே, சுத்தமா இருக்குன்னு உனுக்குத் தெரியாதா?"

 நான் கழுவினால் சுத்தம் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. எங்களுக்குக் கொடுக்கும்போது மட்டும் தெரிந்திருக்கிறது.

வீட்டில் சொன்னதும் தங்கச்சி அடுப்பின் முன்னாலிருந்து எழுந்து வந்தாள். "சாவு வயரா? எங்கல்யாணத்துக்கா?" என்றாள்.  அப்புறம், "மைக்கே வேணாம்க்கா" என்றாள். அப்பா கத்தினார். மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, இல்லையென்று சொன்னால் சம்பந்தமே முறியும். சாமல்பட்டிக்காரர்களுக்குக் கறுப்பு நூல் சங்கதி தெரியாது, யாரும் மூச்சுவிடக் கூடாது என்றார். அவள் மறுபடி அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். களி அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை வந்தது. அவள் கிளறவே இல்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் இரண்டு சுருளும் என்முன்னால் அவிழ்ந்து கிடந்தன. இரண்டையும் துடைத்துக் காயவைத்து எடுத்திருந்தேன். முதலாளி கடையில் யாரிடமோ கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்.  நாடா சுற்றிய கல்யாணச் சுருளில் கறுப்பு நூலைக் கட்டினேன். சாவுச் சுருளில் சிவப்பைக் கட்டினேன். இரண்டையும் கல்லின்மேல் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றேன். அவர் வந்தார். இரண்டுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சிவப்பு நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப் போனார்.

தங்கச்சியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவள் வாயில் எதுவும் நிற்காது. அவள் ஒரு சிநேகிதிக்குச் சொல்லி, அது பண்ணை வீட்டுக் காதுக்குப் போய், தன் வீட்டு மணவறைக்கு மேலே சாவு வயர் ஓடியது என்று அந்தப் பண்ணைக்காரருக்குத் தெரிந்தால், அப்பாவை மரத்தில் கட்டிவைத்து உரித்திருப்பார்கள். எங்கள் கூரைகளில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. கல்யாணம் முடியட்டும், ஆறப்போட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான். அதற்குத்தான் இன்னும் அனுபவிக்கிறேன்.

மறுநாள் பொழுது விடிந்ததும் எங்கள் தெருவில் பாட்டு கிளம்பியது. வேப்பமரத்தில் ஹாரனைக் கட்டியிருந்தார்கள். கிழவிகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சொன்னபடியே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து சேர்ந்தார்கள். ஏரிக்கு அந்தக் கரையில் பண்ணை வீட்டு ஹாரனும் பாடிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் வயர் எங்கள் பந்தலில், சாவு வயர் அவர்கள் பந்தலில், உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் அது தெரியும். அன்று ஒரு நாள் நான் மகாராணி. வந்தவர்களுக்கெல்லாம் நானே இலை போட்டேன், பொத்தல் சேலையை மறைக்கக்கூட இல்லை.

தங்கச்சி மட்டும் தலையைத் தூக்கவில்லை. பெண்ணுக்கு வெட்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் மெச்சிக்கொண்டார்கள். நான் பார்த்தேன், அவள் இரண்டு மூன்று தரம் கண்ணை மட்டும் உயர்த்தி, கம்பத்தில் தொங்கிய கறுப்பு நூலைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அவள் ஆசைப்பட்ட மாதிரி பாட்டுகள் முழுசு முழுசாகப் பாடின. அவள் கேட்டாளா என்று தெரியாது. பக்கத்தில் போய் அவள் காதில் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சுற்றிலும் கூட்டம். சாம்பாரைப் பார்க்கப் போய்விட்டேன்.

அடுத்த நாள் இரண்டு சுருளும் கடைக்குத் திரும்பின. முதலாளி பின்வாசலில் நின்று சிவப்பு நூல் சுருளை முதலில் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாரு, நெய்யும் சந்தனமும். லட்சுமி கடாட்சம்னா இதுதான். பெரிய வூட்டு வயருக்கே ஒரு வாசம் இருக்குது."

கறுப்பு நூல் சுருளைக் கையால் தொடவில்லை. காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, குனிந்து, இரண்டு சாண் தூரத்திலிருந்தே மூக்கைச் சுளித்தார்.

"நான் சொன்னேன் இல்லே? உங்க தெரு வாசம். மூணு தரம் கழுவு. அப்பவும் போவாது."

சாவு வயரை மோந்து லட்சுமி என்றவர், அதுவரை எத்தனையோ தரம் கண்ணில் ஒற்றிக்கொண்ட கல்யாண வயரைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. நூலைத்தான் மோந்திருக்கிறார் மனுஷன். நான் எத்தனை வருஷம் தவிடு போட்டுத் தேய்த்தும், எத்தனை முழம் துடைத்தும், அந்த மூக்குக்கு அது எட்டப் போவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கழுவ உட்கார்ந்தேன். மஞ்சள் ஒட்டியிருந்தது. களி காய்ந்து ஒட்டியிருந்தது. வேப்பம்பிசின் இருந்தது. ஒரு இடத்தில் சின்னக் கைகள் பிடித்து விளையாடிய அழுக்கு. நான் போயிருந்த ஒரு கல்யாணம் வயரில் வந்தது அது ஒன்றுதான். அதைத் துடைத்துப் போக்கச் சொல்லி எனக்குக் கூலி. மூன்று தரம் துடைத்தேன். கல்லின்மேல் வைத்தேன். அவர் மறுபடியும் மோந்துவிட்டு, இனி சாவு வீட்டுக்குக்கூட இது ஆகாது என்று சொல்லி மாட்டுக்கொட்டகை மூலையில் எறிந்தார். கறுப்பு நூலுக்கென்று பெங்களூரிலிருந்து புதுச் சுருள் வந்தது. சிவப்பு நூல் கட்டிய சாவு வயர் பிறகு பாகலூர் வரைக்கும் எத்தனையோ பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்குப் போய்வந்தது. ஒருவர் மூக்கும் சுளிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

தங்கச்சிக்கு அடுத்த வருஷம் ஆண் குழந்தை பிறந்தது. அதுவரை அவளைத் தனியாகப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. பதினோராம் நாள் ஜுரம் கண்டு போய்விட்டது. நான் பஸ் பிடித்துச் சாமல்பட்டி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் தோளைத் தொட்டதும் கையைத் தட்டிவிட்டாள்.

"சாவு வயரைக் கட்டி எனக்குத் தாலி கட்டவெச்சே இல்லே? இப்ப சந்தோஷமா?"

மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நூலை மாற்றியதை, எலி கடித்த இடத்தில் நான் சுற்றிய நாடாவை, பண்ணை வீட்டுக்குப் போனதுதான் சாவு வயர் என்பதை. பெற்ற தாய் செய்யாததை உனக்குச் செய்தேன் பாப்பா என்றேன். அவள் கடைசிவரைக்கும் கேட்டாள். கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல், களைத்துப்போன குரலில் சொன்னாள்.

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றே. எனக்குத் தெரியும்க்கா. அன்னிக்கு அந்த வயர் என் தலைக்கு மேலதான் ஓடிச்சு. நான் மோந்து பார்த்தேன். பொண வாசம் அடிச்சுது."

அவளும் என் மடியில் வளர்ந்தவள்தான். அவளும் நூலைத்தான் மோந்திருக்கிறாள். முதலாளியிடம் வராத அழுகை எனக்கு அவளிடம் வந்தது. நான் அழுததைப் பார்த்ததும் குற்றத்தை ஒப்புக்கொண்டேன் என்று எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் கல்யாணத்துக்கு எனக்குச் சொல்லி அனுப்பினாள், பந்தல் வேலை எதையும் தொடாதே என்றும் சொல்லி அனுப்பினாள். நான் போய் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அவள் தலைக்கு மேல் ஓடிய அந்த வயரை அவள் கல்யாணத்துக்கு முதல்நாள் வழக்கத்தைவிட ஒரு தரம் கூடுதலாகத் துடைத்திருந்தேன். அதில் சீயக்காய், சாம்பிராணி வாசம்தான் அடித்தது.